கச்சேரி சாலையில் வாடகைக்கு இருந்தவர்கள்

மயிலாப்பூர் பார்க்க வருபவர்களில் பலரும் லஸ் பக்கமாகவோ, பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்கியோ வருகிறார்கள். நான் கடற்கரையிலிருந்து நடந்து வரச் சொல்வேன். சாந்தோம் தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரத்துக்குப் பின்னால் கடல். மேற்கே திரும்பினால் கச்சேரி சாலை. பழைய மயிலாப்பூர் கடலை ஒட்டித்தான் இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் சாந்தோமில் காலூன்றிய பிறகு கபாலீசுவரர் கோயில் உள்ளே தள்ளி எழுந்தது. கோயிலைச் சுற்றிக் கடைத்தெரு வளர்ந்தது. தஞ்சாவூரிலிருந்து நான் ஆசையாகக் கிளம்பி வருவது அந்தக் கடைத்தெருவுக்காக.

மந்தைவெளியில் இருக்கும் அத்தை கூட வந்தார். கையில் மஞ்சள் பை. சாமான் பட்டியல் எழுதும் பழக்கம் அவருக்குக் கிடையாது; அந்த வீட்டுக்கு என்ன தேவை என்பது கடைக்காரர்களுக்குத் தெரியும். இந்த முறை அவர் நின்று நின்று நடந்தார். குடை பழுதுபார்ப்பவர் உட்கார்ந்திருந்த படிக்கட்டு இருக்கும் இடத்தில் கண்ணாடிக் கதவு. வாங்கிய குடத்தில் அங்கேயே பெயர் வெட்டித் தந்த பாத்திரக் கடையில் இப்போது செல்போன்கள். வாடகை நூலகம் இருந்த மாடியில் ஏதோ பயிற்சி மையம்.

எனக்கு மிகவும் வலித்தது காப்பிக்கொட்டைக் கடை மூடியதுதான். பீபரியும் பிளான்டேஷனும் பாதிக்குப் பாதி என்று சொன்னால் அந்தப் பெரியவர் உடனே அரைத்துவிட மாட்டார். "வீட்டில் மெட்ரோ தண்ணீரா, போர் தண்ணீரா?" என்று முதலில் கேட்பார். பிறகு பில்டர் பித்தளையா, எவர்சில்வரா என்பார். அதற்கேற்பத் தூளின் பருமனையும் சிக்கரியின் அளவையும் மாற்றுவார். தஞ்சாவூர்த் தண்ணீருக்கென்று எனக்குத் தனிக் கணக்கே வைத்திருந்தார். கடைசி வாடிக்கையாளர் வரை இந்தக் கேள்விகளைக் கேட்டிருப்பார் என்று நம்புகிறேன். பெட்டியில் அடைத்து வரும் தூளுக்கு என் வீட்டுத் தண்ணீர் எதுவென்று தெரியாது.

மாடவீதிக்குப் போகும் சந்தில் அத்தை வழக்கமாக வாங்கும் அண்ணாச்சி கடை இன்னும் திறந்திருந்தது. அடுத்த மாதம் காலி செய்கிறாராம்.

"வியாபாரம் படுத்துவிட்டதா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"வியாபாரத்துக்கு என்னம்மா குறை? சாயங்காலம் வந்து பாருங்கள், நிற்க இடம் இருக்காது. கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறார்கள். புதிதில் கேட்கிற வாடகைக்கு நான் உப்பையும் புளியையும் தங்க விலைக்குத்தான் விற்க வேண்டும்."

இதைத்தான் நாம் கவனிப்பதில்லை. கடை மூடினால் 'ஆன்லைன் வந்துவிட்டது, காலம் மாறிவிட்டது' என்று நகர்ந்துவிடுகிறோம். அதுவும் காரணம்தான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கடைகளும் மூடுகின்றன. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், வாடகைதாரரை வெளியேற்றுவதற்கு, அவர் வேண்டுமென்றே வைத்த பாக்கி, உரிமையாளரின் சொந்தத் தேவை, இடித்துக் கட்டுதல் என்று வரையறுத்த காரணங்களில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டியிருந்தது. நியாய வாடகை எவ்வளவு என்று நிர்ணயிக்கவும் வழி இருந்தது. அந்த நிழலில் அப்பா, மகன், பேரன் என்று ஒரே இடத்தில் கடை நடத்த முடிந்தது. 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதை நீக்கிவிட்டது. இப்போது எழுத்துமூல ஒப்பந்தம், பதிவு, இருவரும் ஒத்துக்கொண்ட வாடகை. உரிமையாளர்களுக்கும் நியாயமான மனக்குறை இருந்தது. பழுதுபார்க்கும் செலவுக்குக்கூடப் போதாத வாடகையை வருடக்கணக்கில் வாங்கியவர்கள் உண்டு. ஆனால் லஸ்ஸில் நிலம் விற்கும் விலைக்கு ஈடாக வாடகை கேட்டால், அரை கிலோ துவரம்பருப்பை நிறுத்துப் போடுபவர் எப்படிக் கொடுப்பார்?

இதற்கு மேல் மெட்ரோ. மாதவரத்திலிருந்து சிறுசேரி போகும் பாதையும் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் பாதையும் திருமயிலையில்தான் பூமிக்கடியில் சந்திக்கின்றன. மெட்ரோ வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தடுப்புத் தகரத்துக்குப் பின்னால் மறைந்துபோகும் கடைக்கு அந்த வருடங்களின் வாடகையை யார் கொடுப்பார்கள்?

நூறு ஆண்டுகளைத் தாண்டிய டப்பா செட்டி கடை கச்சேரி சாலையில் இன்னும் இருப்பது மனதுக்குத் தெம்பாக இருந்தது. சுக்கும் திப்பிலியும் வசம்பும் கலந்த வாசனை. பிரசவ மருந்து எத்தனை நாளைக்கு, எப்போது கொடுக்க வேண்டும் என்று ஓர் இளம் தாய் கேட்டுக்கொண்டிருந்தார். காளத்தி கடையில் ரோஸ் மில்க்கும் குடித்தோம்.

திருமயிலை நிலையம் திறக்கும்போது வாசலைச் சுற்றிக் கடைகள் வரத்தான் போகின்றன. அவற்றில் ஒரு பங்கை, இந்தத் தெருக்களில் இடமிழந்தவர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் ஒதுக்க வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு ஏலம் விடும் முன்பே அதைச் செய்ய வேண்டும். திரும்பும் வழியில் அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். பொட்டலத்துக்குச் சணல் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"தரைத்தளமாகக் கொடுத்தால் வருவேன் அம்மா. மாடிக்கு மூட்டை ஏற்ற எனக்கு ஆள் இல்லை."