முந்திரிக்காட்டுக்குள்ளே பெரியநாயகி

பொங்கலையொட்டிக் கொடி ஏறும், சனவரி 23 தேர். கடலூர் மாவட்டம் கோணான்குப்பத்தில் பெரியநாயகி என்ற பெயரில் கோயில் கொண்டிருக்கும் மரியன்னைக்கு, அந்த மாதாவுக்கு, நேர்ந்துகொண்டவர்களுக்கு இந்த இரண்டு நாளும் மனப்பாடம். நடந்து போகிறவர்கள் விருத்தாசலம்–உளுந்தூர்பேட்டை சாலையில் மங்கலம்பேட்டைப் பக்கமாக உள்ளே திரும்பிவிட்டால் செம்மண்ணும் முந்திரியும்தான் கூட வரும். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் பனியோடு போகும், வெயில் ஏறவிட்டால் நடை பாதியாகும். புதுச் செருப்பு ஆகவே ஆகாது. வெறுங்காலோடு நேர்ந்தவர்கள் முதல்நாள் ராத்திரியே குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட வேண்டும். இல்லாவிட்டால் பித்தவெடிப்புக்குள் சரளை ஏறிக்கொள்ளும். கொப்புளம் வந்தால் உடைக்காமல் துணி சுற்றி நடக்கலாம்.

1680-இல் இத்தாலியில் பிறந்து 1711-இல் தமிழ்நாட்டுக்கு வந்த பெஸ்கி என்ற வீரமாமுனிவர் இந்தக் காட்டில் விட்டுப்போன மாதா சுரூபம் (சிலை), பிள்ளையில்லாத முகாசாபரூர்ப் பாளையக்காரர் கச்சிராயர் கைக்குப் போய், அவர் வீட்டில் தொட்டில் ஆடியது என்பது வழிவழியாகச் சொல்லும் செய்தி. விருத்தாசலம் சிவன் கோயில் அம்பாளுக்கும் பெரியநாயகி என்றுதான் பெயர். அதே பெயரை மாதாவுக்கும் வைத்த முனிவருக்கு நல்ல காது!

ஆனால் கோயில் மட்டுமே பங்கு, அதாவது ஒரு பாதிரியார் பொறுப்பில் இருக்கும் சபை, ஆகிவிடாது. காட்டுப்பக்கத்துப் பங்கென்றால் ஒரு சாமியார் (பாதிரியாரை இப்படித்தான் சொல்வோம்), அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிளைக் கிராமங்கள். எல்லா ஊருக்கும் ஞாயிறு பூசை வைக்க முடியாது. சாமியார் வராத ஞாயிறுகளில் மணி அடிப்பதும், வேத வாசகம் வாசித்துச் செபமாலை சொல்வதும், ஊராருக்கு வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார்தான். பிறந்த குழந்தை பிழைக்காது போலிருந்தால் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பதும் அவர்தான். அந்நாளில் அவருக்கு வேதியர் என்று பெயர். முனிவர் அவர்களுக்காகவே ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதிக் கொடுத்தார் என்றால், இந்தப் பக்கத்து விசுவாசம் யார் தோளில் நின்றது என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் முந்திரி பொறுக்கும் காலத்தில் வரும். இயேசு சிலுவை சுமந்த வழியை நினைத்துச் சொல்லும் சிலுவைப்பாதை செபத்தைப் பகலில் வைத்தால் கோயில் காலி, சனம் தோப்பில் இருக்கும். இருட்டின பிறகு வைத்தால் கைக்குழந்தையோடு வந்து நிற்பார்கள்.

தேர் அன்று தரிசனம் பெரிய பாடு. வண்டியை ஊருக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். வழியெல்லாம் மெழுகுவர்த்தியைக் கையில் திணித்துவிட்டு அப்புறம் விலை சொல்கிறவர்கள். வேண்டாம் என்றால் மாதாவுக்கே கணக்குப் பார்ப்பதா என்று ஒரு பேச்சு வேறு. வர்த்தியை வீட்டிலிருந்தே கொண்டுபோய்விடலாம். கூட்டத்தில் ஏற்றிப் பிடித்தால் முன்னால் போகிறவர் சேலையில் பொறி விழும், எடுத்துப் போய்ப் பீடத்தருகே ஏற்றினால் போதும்.

இவ்வளவு தள்ளுமுள்ளையும் தாண்டிக் கிட்டே போனால், தமிழ்ப்பெண் கோலத்தில், கையில் பாலனோடு அவள். வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்த விண்ணப்பம் தொண்டையிலேயே நின்றுவிடும், ‘அம்மா’ என்பது மட்டும்தான் வாயில் வரும். வரம் கேட்டு முந்தின வருசம் வந்தவள் இந்த வருசம் பிள்ளையைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே காட்டுகிறாள். அது அங்கே எரியும் வர்த்தியைப் பிடிக்கக் கை நீட்டுகிறது. பின்னால் நிற்பவர்கள் நகரச் சொல்லிக் கத்துகிறார்கள், அவளுக்குக் கேட்கவில்லை. பெரியநாயகித் தாயே, உனக்குக் கோடி நன்றி, இந்தக் காட்டில் வந்து குடியிருந்தாயே!