கெண்டாங் வாசிப்பவரும் ஃபிரேமில் இருக்கட்டும்

பாலித் தீவுக் கோயில் திருவிழாக்களில் எடுத்த ஃபுட்டேஜை எடிட் செய்யும் வேலை எனக்கு அவ்வப்போது வரும். பெரும்பாலும் க்ளோசப்பாகவே இருக்கும், மை தீட்டிய கண், நடுங்கும் விரல்கள், பூ வைத்த கிரீடம். செலெடெட் என்கிற அந்த வெட்டுப் பார்வை யாரையும் மயக்கிவிடும், சரி. ஆனால் பாரிஸ் என்ற போர்வீரர் ஆட்டத்தில் இசை எங்கே வெடிக்க வேண்டும், எங்கே சட்டென்று நிற்க வேண்டும் என்பதையே ஆடுபவர்தான் உடம்பால் காட்டுகிறார். அதை கெண்டாங் என்ற மேளத்தை வாசிப்பவர் பார்த்துப் பிடித்து மேளத்தில் சொல்ல, காமெலான் எனும் மொத்த இசைக்குழுவும் அவரோடு திரும்புகிறது. இந்தத் திடீர் வெடிப்பையும் நிறுத்தத்தையும் ஆங்சல் என்பார்கள். ஆடுபவரையும் மேளக்காரரையும் ஒரே ஃபிரேமில் வைக்காவிட்டால் அது எடிட்டிங்கில் எப்படி வரும்? எங்கிருந்தோ வந்த இசைக்கு ஒருவர் ஆடுவது போலத்தான் தெரியும்.

ஒலிப்பதிவிலும் கவனம் வேண்டும். வெண்கலக் கட்டைகள் கொண்ட கங்சா வாத்தியங்களை ஜோடி ஜோடியாகச் செய்து, ஒன்றின் சுருதியை மற்றதைவிட வேண்டுமென்றே சற்று உயர்த்தி வைப்பார்கள், இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போதுதான் அந்த அலையடிக்கும் அதிர்வு பிறக்கும். கோத்தேக்கான் என்ற, இரண்டு பேர் ஒரே மெட்டைப் பின்னிப் பின்னி வாசிக்கும் வேகமான பகுதியிலும் போலோஸ் என்ற ஒரு பாதியை வாசிப்பவர் விடும் இடைவெளியில் சங்சி என்ற மறுபாதியை வாசிப்பவர் புகுகிறார். ஒரே வாத்தியத்தின் பக்கத்தில் மைக்கை வைத்துவிட்டால் பாதிப் பாட்டுதான் கிடைக்கும்.

மானுடவியலாளர்கள் கிரெகரி பேட்சனும் மார்கரெட் மீடும் 1930களில் எடுத்து 1952இல் வெளியிட்ட கிரிஸ் (குத்துவாள்) நடனப் படத்தில்கூட, படம் மௌனமாக எடுத்தது, இசை பிறகு சேர்த்தது. எனக்கு அதைவிட, அதே காலத்தில் பாலியில் வாழ்ந்த இசையமைப்பாளர் கோலின் மெக்ஃபீ எடுத்த மௌனச் சுருள்கள்தான் பிடிக்கும், வாசிப்பவர்களையும் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் காலப் படங்களையும் 1928இல் பதிவான இசைத்தட்டுகளையும் இசை ஆய்வாளர் எட்வர்ட் ஹெர்ப்ஸ்ட் பாலிக் கலைஞர்களோடு சேர்ந்து தேடித் தொகுத்து, அந்தத் தீவுக்கே திரும்பக் கொண்டுபோனார். நம் பதிவையும் ஒருநாள் அங்கே யாராவது பாடம் படிப்பதற்காகப் பார்க்கலாம் இல்லையா?

அதனால் படமெடுக்கப் போகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: ஒரு கேமராவை அகலமாக வைத்து, ஆட்டம் முடியும்வரை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். உயரமான இடம் தேடி ஏறாதீர்கள், பூசாரியைவிட மேலே நிற்பது அங்கே மரியாதைக் குறைவு. க்ளோசப்புக்கு இன்னொரு கேமரா இருக்கட்டும்.