வண்ணார்பண்ணை நாற்சார் வீட்டில் மறுபடி குடிபோவது: உறுதியில் இருந்து ஓடு வரை

யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில், சிவன் கோவிலடிப் பக்கம், நடுவில் முற்றமும் நாலு பக்கமும் கட்டடமுமான பழைய நாற்சார் வீடு ஒன்றைத் திருத்தப் போகிறவர்கள் முதல் வேலையாக மேசனைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். மேசன் சுவரைத் தட்டிப் பார்ப்பார், கணக்குச் சொல்வார், சீமெந்து வந்து இறங்கும். ஆறு மாதம் கழித்துக் கனடாவில் இருந்து ஒரு தொலைபேசி வரும்: "அந்த வீட்டில எங்கட அம்மம்மாவின்ர பங்கு இருக்கெல்லோ?" வேலை அதோடு நிற்கும். ஆகவே முதலில் போகவேண்டிய இடம் காணிப் பதிவகம்.

இந்தப் பகுதியில் இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம் உண்டு. வண்ணார்பண்ணையே வந்தேறிய குடிகளால் கட்டப்பட்ட இடம். ஒல்லாந்தர் காலத்துக் கடைசியில் வைத்தீசுவரன் கோவிலைக் கட்டுவித்த வைத்திலிங்கச் செட்டியார் போன்ற வணிகக் குடும்பங்கள், கன்னாதிட்டிப் பொற்கொல்லர், சோனகத் தெரு முஸ்லிம்கள் என்று ஒவ்வொரு கூட்டமும் ஒரு தொழிலோடு வந்தது. பிறகு கொழும்பு, மலாயா, லண்டன் என்று பிரிந்தது. போன ஒவ்வொருவரும் வீட்டில் ஒரு பங்கை விட்டுவிட்டுப் போனார்கள். அதனால்தான் இங்குள்ள உறுதிகளில் (காணிப் பத்திரங்களில்) "பிரிபடாத அரைவாசிப் பங்கு", "பிரிபடாத ஆறில் ஒரு பங்கு" என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வரும்.

உறுதி கையில் இல்லை என்றால் பதற வேண்டியதில்லை. நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) ஒரு உறுதியை மூன்றாக எழுதுவார். மூலம் உரிமையாளருக்கு, இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்கு, புரோட்டோக்கோல் என்ற மூன்றாம் பிரதி நொத்தாரிசின் கையில். இடப்பெயர்வில் மூலம் தொலைந்தாலும் இரண்டாம் பிரதி இருந்தால் அதில் இருந்து உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். தேடுவதற்கு உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், தேதி மூன்றும் வேண்டும். மூன்றும் தெரியாவிட்டால் அயல் வளவுக்காரரின் உறுதியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் எல்லை சொல்லும் இடத்தில் உங்கள் வளவின் பழைய சொந்தக்காரர் பெயர் இருக்கும். பல வேளைகளில் நூல் அங்கேதான் பிடிபடும். எங்களுக்கும் அப்படித்தான் பிடிபட்டது.

கடைசி உறுதியோடு நிற்காமல் பதிவேட்டில் பின்னோக்கிப் போங்கள். சீதன உறுதி, நன்கொடை உறுதி, மரணசாதனம் (உயில்) எல்லாவற்றையும் ஒரு தாளில் மரம்போல வரைந்து பங்குகளைக் கூட்டுங்கள். கூட்டினால் ஒன்று வரவேண்டும். முக்கால்தான் வருகிறது என்றால் கால் பங்குக்காரர் எங்கோ இருக்கிறார். நன்கொடை உறுதியில் கொடுத்தவர் தனக்குச் சீவிய உரித்து (சாகும்வரை அனுபவிக்கும் உரிமை) வைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். அவர் உயிரோடு இருக்கும்வரை அது உயிரோடு இருக்கும். நிலம் கோவில் தருமத்துக்கு உரியதா, கட்டடம் மட்டும்தானா உங்களுடையது என்பதும் இந்தத் தேடலில்தான் வெளிவரும்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் இரண்டு விடயம் அடிக்கடி இடறும். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கவோ கொடுக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் அப்படித்தான் நிற்கிறது. இது நியாயமா என்பது வேறு கதை, கையெழுத்து இல்லாவிட்டால் உறுதி நிற்காது என்பதுதான் இங்கே பேச்சு. மற்றது முன்கொள்வனவு உரிமை. பங்காளி ஒருவர் தன் பங்கை வெளியாருக்கு விற்பதற்கு முன் மற்றப் பங்காளிகளுக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும் என்று 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அறிவிக்காமல் வாங்கினால் வழக்குக்கு இடம் வைத்தே வாங்குகிறீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பங்காளி வரத் தேவையில்லை. அற்றோணித் தத்துவம் (தனக்காகச் செயற்பட ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) அனுப்பலாம். ஆனால் அதில் வீட்டின் விபரமும் எந்தச் செயலுக்கு அதிகாரம் என்பதும் தெளிவாக இருக்கவேண்டும். "என் காணிகளைப் பராமரிக்க" என்று மட்டும் எழுதிய பத்திரத்தை வைத்துப் பங்கைக் கைமாற்ற முடியாது. திரும்ப அனுப்பி எடுக்க மாதக்கணக்காகும். எல்லாரும் சம்மதித்தால் பங்கீட்டு உறுதியோ நன்கொடையோ எழுதி முடிக்கலாம். சம்மதியாவிட்டால் 1977ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டத்தில் வழக்கு. அது முடிவதற்குள் கூரை விழுந்துவிடும்.

சோனகத் தெரு, ஐந்து சந்திப் பக்கம் இன்னொரு சிக்கல். 1990 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். பத்து வருடம் தடையின்றி எதிருரிமையோடு ஆண்டால் உரித்து வரும் என்ற 1871ஆம் ஆண்டு ஆட்சியுரிமைச் சட்டம், வீட்டை விட்டு ஓடியவர்களுக்கு எதிராகத் திரும்பியது. அதைச் சரிசெய்ய 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட அது வழி செய்தது, ஆனால் வழக்கிட இரண்டு வருடம்தான் தந்தது. அந்தக் காலம் கடந்துவிட்டது. இங்கே வீடு வாங்கும் ஒருவரிடம் எங்கள் ஒரே சொல்: விற்பவர் காட்டுவது ஆட்சி உறுதி (நெடுநாள் ஆண்டதை மட்டும் காட்டி எழுதிய உறுதி) மட்டும்தான் என்றால் வாங்காதீர்கள். மலிவாகக் கிடைக்கும் அந்த வீட்டுக்கு, வெளியேற்றப்பட்டு இப்போது புத்தளத்தில் இருக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கக்கூடும்.

அளவும் பாருங்கள். யாழ்ப்பாணக் கணக்கில் 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். ஒரு பரப்பு 10 பேர்ச். உறுதியில் 2 பரப்பு 5 குழி என்றிருந்தால் 41 குழி, கிட்டத்தட்ட 22.8 பேர்ச். நில அளவையாளர் அளந்து குறைவாக வந்தால் பெரும்பாலும் மதில் நகர்ந்திருக்கும், அல்லது ஒழுங்கை அகன்றிருக்கும். கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் உறுதியில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதை அளவையாளருக்கும் சொல்லுங்கள். பொதுக் கிணறு இரண்டு வளவுக்கு நடுவில் இருந்தால் அது வரைபடத்தில் வரவேண்டும்.

மாநகரசபையில் சோலைவரிப் (வீட்டு வரிப்) பெயர் மாற்றம், வீதி எல்லைச் சான்றிதழ் இரண்டும் ஒன்றாகவே விண்ணப்பியுங்கள். பழைய வரி நிலுவை இருந்தால் அதைக் கட்டாமல் ஒன்றும் நகராது. இதில் ஒரு எச்சரிக்கை: தெருவோடு ஒட்டி நிற்கும் திண்ணையையும் முன்சுவரையும் இடித்துவிட்டால், திரும்ப அதே இடத்தில் கட்ட விடமாட்டார்கள், கட்டட எல்லைக்கு உள்ளே தள்ளித்தான் கட்டவேண்டும். வெடித்த சுவரானாலும் நிற்க வைத்தே திருத்துங்கள். அந்தத் திண்ணை போனால் போனதுதான்.

இனிக் கூரை. நாற்சார் வீட்டின் நான்கு பக்கக் கூரையும் உள்முற்றத்துக்குச் சரிகிறது. சந்திக்கும் நான்கு மூலையிலும் தகரப் பீலி (மழைநீர் ஓடும் வாய்க்கால்) போகும். வீடு அழிவது அங்கேதான் தொடங்கும்: பீலியில் இலையடைக்க, தண்ணீர் பின்னேறி வளைக்குள் (கூரையைத் தாங்கும் மரத்துக்குள்) இறங்கும், வளை உக்கும், கறையான் ஏறும். ஆகவே ஓடுகளை எண்ணுவதற்கு முன் பீலியைத் தூக்கி அடியில் உள்ள மரத்தைப் பாருங்கள். புதுப் பீலி குறைந்தது ஒன்றரை அடி அகலத் தகட்டில் வளைக்கவேண்டும். கடைக்காரர் ஓரடித் தகட்டைத் தருவார், ஐப்பசி மழைக்கு அது காணாது. இரண்டு தகடு சேரும் இடத்தில் மேல்தகடு கீழ்த்தகட்டின் மேல் ஆறு அங்குலமாவது படியவேண்டும்.

பனை மரத்தைச் சுத்தியலால் நீளம் முழுக்கத் தட்டுங்கள். வைரம் (மரத்தின் கடினப் பகுதி) கணீரென்று கேட்கும், உள்ளே சோறு (மென்மையான நடுப்பகுதி) அரிக்கப்பட்ட மரம் பொத்தென்று கேட்கும். நடுவில் நல்ல மரம், சுவருக்குள் புதைந்த முனை மட்டும் உக்கியிருப்பதுதான் வழமை. அப்போது முழுக் கைமரத்தையும் எறியத் தேவையில்லை. முனையை வெட்டிப் பக்கத்தில் இன்னொரு பனந்துண்டை இரண்டடிக்குக் குறையாமல் சேர்த்து, ஆணிக்குப் பதில் போல்ட் போட்டு இறுக்கலாம். பனைக்கு ஆணி அடித்தால் பிளக்கும், துளையிட்டுத்தான் அடிக்கவேண்டும். புதுப் பனை தறிக்க அனுமதி எடுக்கவேண்டும் என்பதால், இடித்த வீடுகளின் பழைய மரம் விற்பவரிடம் வாங்குவதே சுகம். பழைய மரம் இனிக் காய்ந்து முறுகவும் மாட்டாது.

ஓட்டில் ஒரு சங்கடம் இருக்கிறது. இந்த வீடுகளில் பலவற்றுக்குக் கள்ளிக்கோட்டையில் இருந்து கப்பலில் வந்த ஓடு. இப்போது தென்னிலங்கையில் செய்வதும் அதே சாயலில்தான் இருக்கும், ஆனால் பூட்டு வாய் கொஞ்சம் மாறும். இரண்டையும் கலந்தால் இடைவெளி விழுந்து மழை உள்ளே தெறிக்கும். நல்ல பழைய ஓடுகளை எல்லாம் தெருப்பக்கக் கூரைக்கு ஒதுக்கி, புது ஓட்டைப் பின்பக்கக் கூரை முழுவதற்கும் போடுங்கள். சிலாகை (ஓடு தங்கும் குறுக்குச் சட்டம்) இடைவெளியைப் பழைய கணக்கில் அடிக்கக்கூடாது, கையில் இருக்கும் ஓடுகளை வைத்துப் பார்த்து அடிக்கவேண்டும். நூறு சதுர அடிக்கு 150 ஓடு என்று கணக்கிட்டு, உடைவுக்குப் பத்தில் ஒன்று கூட வாங்கினால் காணும். வேலையை மாசியில் தொடங்கிச் சித்திரைக்குள் முடியுங்கள். பிந்தினால் சோளகக் காற்று கட்டாத ஓட்டைக் கிளப்பும், அதற்கும் பிந்தினால் மாரி.

சுவர்தான் மேசனோடு சண்டை வரும் இடம். இவை முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டிய சுவர்கள். அடியில் ஈரந்தடுக்கும் படை கிடையாது. நிலத்து ஈரம் உப்போடு மூன்று, நாலு அடி ஏறி, சாந்து வழியே வெளியே காய்ந்துபோகும். சீமெந்துப் பூச்சு அந்த வழியை அடைக்கிறது. ஈரம் நிற்காது, சீமெந்துக்கு மேலே ஆறடிக்கு ஏறும்; உப்பு உள்ளே பூத்துக் கல்லை மாவாக்கும். "சீமெந்து போட்டா ஒரேயடியா முடிஞ்சுது ஐயா" என்பார் மேசன். இரண்டு மாரிக்குள் அது பாளமாகக் கழன்று விழும்போது அவர் இணுவிலில் வேறு வேலையில் இருப்பார்.

ஆகவே பழைய சீமெந்துப் பூச்சைக் கைச்சுத்தியலும் உளியும் கொண்டு எடுங்கள், பிரேக்கர் இயந்திரம் கல்லையும் சேர்த்து அசைக்கும். பூத்த உப்பைக் காய்ந்த தூரிகையால் கூட்டி அள்ளுங்கள். தண்ணீர் அடித்துக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். ஒரு கோடை முழுக்கச் சுவரைத் திறந்தே விடுங்கள், பார்க்க அசிங்கமாக இருந்தாலும்.

சாந்துக்கு ஒரு பங்கு நீறு (நீற்றிய சுண்ணாம்பு), மூன்று பங்கு மணல். பை நீறானாலும் தண்ணீரில் ஊறவைத்து இரண்டு கிழமையாவது மூடிவைத்து எடுத்தால் வெண்ணெய்போலக் குழைந்து வரும். கட்டிபட்ட பழைய பையைத் தொடாதீர்கள், அது ஏற்கெனவே கல்லாகிவிட்டது. மணலை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரித்தால் கழுவவேண்டும். போத்தலில் தண்ணீரோடு குலுக்கி வைத்தால் மேலே படியும் சேற்றின் அளவும் தெரிந்துவிடும். சுவரை முதல்நாள் நனைத்து, ஒரு படையை அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் பூசி, ஒரு கிழமை விட்டு அடுத்த படை. வெயில் படும் பக்கத்துக்கு ஈரச்சாக்கு தொங்கவிடவேண்டும். கெதியாகக் காய்ந்தால் வலைபோல வெடிக்கும், அதைப் பார்த்துத்தான் "சுண்ணாம்பு சரிவராது" என்ற கதை பிறக்கிறது. "கொஞ்சமாய்ச் சீமெந்து சேர்ப்பம்" என்பதற்கும் இடங்கொடுக்காதீர்கள். மேலே எமல்ஷன் வேண்டாம், நீர்ச் சுண்ணாம்பை மூன்று முறை மெல்லியதாக அடித்தால் போதும். நீறு கண்ணில் பட்டால் கண் போகும். வேலையாட்களுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள்.

சுவரில் முளைத்த அரசமரத்தைப் பிடுங்காதீர்கள். வேர் கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும். அடியில் வெட்டி, திரும்பத் துளிர்க்கத் துளிர்க்க வெட்டி, வேர் செத்த பிறகு அந்த வெடிப்புக்குச் சாந்து திணிக்கவேண்டும். உள்ளே நிலத்துக்கு மினுங்கும் டைல்ஸ் பதித்தாலும் சீமெந்துப் பூச்சின் பலன்தான்: நிலத்து ஈரம் முழுக்கச் சுவருக்குத் திரும்பும்.

கிணறு இறைக்க ஆவணி, புரட்டாதி நல்லது, தண்ணீர் அடியில் இருக்கும். ஒரே மூச்சில் பெரிய மோட்டர் போட்டு வற்றவைக்காதீர்கள். நன்னீர் இங்கே உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படையாகத்தான் மிதக்கிறது, இழுக்க இழுக்கக் கீழே இருப்பது ஏறும். பக்கக் கட்டும் சரியலாம். வருடக்கணக்காக மூடிக்கிடந்த கிணறு என்றால், சேற்றில் உலோகமாக ஏதாவது தட்டுப்பட்டவுடன் ஆளை ஏற்றிவிட்டுப் பொலிசுக்கு அறிவியுங்கள்.

கக்கூசுக் குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி வேண்டும் என்பார்கள். ஒன்றரைப் பரப்பு வளவில் அது கிடைக்காது, கிடைத்தாலும் அயலவர் கிணறு பத்தடியில் இருக்கும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் வெடிப்பும் பொந்துமானது, மண்ணைப்போல வடிகட்டாது. அதனால் ஊறவிடும் குழியை விட்டுவிட்டு, அடியும் பக்கமும் அடைத்த தொட்டி கட்டி, நிறைந்தால் பவுசரை (கழிவு உறிஞ்சும் வண்டியை) கூப்பிடுவதே சரி. பவுசர்க் குழாய் எட்டும் தூரத்தில், தெருப்பக்கமாகத் தொட்டி வையுங்கள். சில ஒழுங்கைகளுக்குள் லான்ட்மாஸ்டரைவிடப் (இருசக்கர உழவு இயந்திரத்தைவிடப்) பெரிதாக ஒன்றும் வராது.

மின்சாரத்தில் பழைய மரக் கேசிங்குக்குள் போகும் வயர் அனைத்தையும் கழற்றிவிடுங்கள், பாதி பாதியாக மாற்றுவதில் பயனில்லை. ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். புதுக் குழாயைச் சுண்ணாம்புச் சுவருக்குள் வெட்டிப் புதைக்காமல் மேலால் கொண்டுபோனால் சுவரும் தப்பும்.

உட்புறச் சுண்ணாம்பை முதல் மாரி முடியும்வரை அடிக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் கூரை எங்கே ஒழுகுகிறதோ அங்கே நிலத்தில் கரியால் ஒரு புள்ளி போட்டு, தேதியும் எந்தப் பக்கக் காற்று என்பதும் எழுதிவையுங்கள். வாடைக்கு (வடக்குக் காற்றுக்கு) மட்டும் ஒழுகும் இடம் வேறு, எந்த மழைக்கும் ஒழுகும் இடம் வேறு. முன்னதற்கு ஓடுகளை இறுக்கினால் போதும், பின்னதற்குப் பீலியைத் திரும்பத் தூக்கவேண்டும். தைப்பொங்கலுக்குப் பிறகு அந்தக் கணக்கோடு ஓடு மாற்றுபவரைக் கூப்பிடுங்கள்.