ஐந்து மணிக்குள் கூடாரம்

6 செப்டம்பர் 2025, சனி. செந்தூல், கோலாலம்பூர்

காலையிலிருந்து இவர் முன்வாசலில் உட்கார்ந்து கூடாரத்து முளைகளைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருக்கிறார். ஜண்டா பாய்க் மலைக்கிராமத்தில் மழையில் அடித்த முளைகள். மண் ஒட்டிய பொருளை ஆஸ்திரேலியாவுக்குள் விடமாட்டார்கள். கூடாரம், சப்பாத்து, சாப்பாட்டுச் சாமான் எல்லாவற்றையும் இறங்கும்போது தரும் அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும்.

"கறிவேப்பிலைய நியூஸ் பேப்பர்ல சுத்தி வெச்சா யாருக்குத் தெரியும்?" என்று அம்மா கேட்டார்.

"மோப்ப நாய்க்குத் தெரியும் அத்தை."

கறிவேப்பிலை வீட்டிலேயே நிற்கிறது. பாக்கெட் மசாலா மட்டும் வருகிறது.

பெர்த்திலிருந்து கடலோரமாக வடக்கே ஷார்க் பே வரை போவது திட்டம். பாலைவனம் பார்க்க நமக்கு இதைவிட வசதியான இடம் இல்லை. விமானத்தில் ஐந்தரை மணி நேரம்தான், கடிகாரத்தைத் திருப்பவே வேண்டாம், கார் ஓட்டுவதும் நம்மைப் போல இடப்பக்கம். ஒரே ஒரு விஷயம்தான் உறுத்துகிறது. வாடகைக் கார் ஒப்பந்தப்படி, இருட்டிய பிறகு ஊர் எல்லைக்கு வெளியே ஓட்டி விபத்தானால் காப்புறுதி கிடையாது. அதனால் தினமும் மாலை ஐந்து மணிக்குள் கூடாரம் போட்டுவிட வேண்டும். கங்காரு அந்தியிலும் விடியலிலும்தான் சாலைக்கு வருமாம். நமக்கோ இது தலைகீழ். தீபாவளிக்குப் பினாங்கு போவதென்றால் ஜாமுக்குப் பயந்து இரவு பதினொன்றுக்கு மேல்தான் காரையே எடுப்போம்.

13 செப்டம்பர், சனி. பெர்த்

வந்து சேர்ந்தாயிற்று. அதிகாரி மசாலாப் பாக்கெட்டுகளைப் புரட்டிப் பார்த்தார், முளைகளைத் தடவிப் பார்த்தார், போகச் சொன்னார். இவர் முகத்தில் பரீட்சையில் தேறிய பெருமை. கேஸ் டின்னை விமானத்தில் கொண்டுவர முடியாது என்பதால் அதையும் அரிசியையும் பத்து லிட்டர் தண்ணீர்க் கலன்களையும் இங்கேதான் வாங்கினோம். இந்தியக் கடை ஒன்றில் கறிவேப்பிலையும் கிடைத்தது. அம்மா விலையை மலேசிய வெள்ளிக்கு மாற்றிப் பார்த்துவிட்டு, சாம்பாருக்கு மூன்று இலை போதும் என்று தீர்ப்புச் சொன்னார்.

14 செப்டம்பர், ஞாயிறு. செர்வான்டிஸ்

பெர்த்திலிருந்து 200 கிலோமீட்டர். இந்தியப் பெருங்கடல் சாலை 2010-ல் திறந்தது. இடப்பக்கம் அவ்வப்போது கடல், நடுநடுவே வெள்ளை வெளேரென்ற மணல்மேடுகள். இருபுறமும் முழங்கால் உயரப் புதர், அதற்குள் மஞ்சளும் ஊதாவுமாகப் பூ. செப்டம்பர் இங்கே காட்டுப்பூ மாதம். சாமிக்கு நாலு பூ பறிக்கலாமா என்றார் அம்மா. பறிக்கக்கூடாது, காட்டுப்பூவுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

அப்புறம் பினக்கிள்ஸ். நம்பங் தேசியப் பூங்காவுக்குள் மஞ்சள் மணல்வெளி, அதில் ஆயிரக்கணக்கில் சுண்ணாம்புக்கல் தூண்கள். சில என் இடுப்பளவு, சில மூன்றரை மீட்டர். நடுவே நாலு கிலோமீட்டர் மண்பாதை போட்டிருக்கிறார்கள், சாதாரணக் காரே போகும். நாங்கள் காரை ஓரம்கட்டிவிட்டு நடந்தோம். கையால் தடவினால் சொரசொரப்பு. ஓரிடத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை, அதன் விளிம்பில் சிப்பித் துணுக்கு மாதிரி ஒன்று. இதெல்லாம் ஒருகாலத்தில் கடல் சிப்பிகள். சிப்பி உடைந்து சுண்ணாம்பு மணலாகி, காற்று அதைக் கரைக்கு ஏற்றி மேடாக்கியது. மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே இறக்கி, அங்கே கல்லாக இறுக்கியது. பிறகு அதே காற்று மேலிருந்த தளர்ந்த மணலை அள்ளிக்கொண்டு போக, இறுகிய பாகம் மட்டும் வெளியே நிற்கிறது.

அந்தி வெயிலில்தான் தூண்கள் அழகு என்று எல்லாரும் சொல்கிறார்கள். சரி, ஆனால் பூங்காவுக்குள் கூடாரம் போட அனுமதியில்லை. செர்வான்டிஸ் ஊர் 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நிழல் நீளத் தொடங்கும்போதே கிளம்பிவிட்டோம். மகனுக்குக் கோபம். வரும் வழியில் சாலையோரம் ஒரு கங்காரு செத்துக் கிடந்ததைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டான்.

அந்தக் கட்டாயத்தின் லாபம் இரவில்தான் தெரிந்தது. ஆறேகாலுக்குச் சூரியன் இறங்கி, ஏழரைக்கு நல்ல இருட்டு, நிலா வர நடுநிசி ஆகும். செய்வதற்கு ஒன்றுமில்லை, மேலே பார்ப்பதைத் தவிர. பால்வீதி உச்சந்தலைக்கு மேல். மேற்கே விருச்சிகம் முழுசாக, கொடுக்கிலிருந்து வால் நுனி வரை. அதன் நடுவில் சிவப்பாக மின்னுவது கேட்டை, வால்பக்கம் மூலம். அம்மாவின் நட்சத்திரம் மூலம். கோயிலில் எத்தனையோ அர்ச்சனைக்கு அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறார். செந்தூல் வெளிச்சத்தில் அது கண்ணில் பட்டதே இல்லை. "இவ்வளவு பெரிசா இருக்குது, என் கல்யாணத்தப்ப இத வெச்சு எவ்வளவு பேச்சுப் பேசினாங்க" என்றார். பத்து டிகிரிக்குக் கீழே போய்விட்டது குளிர். அவரை உள்ளே அனுப்புவதே பெரும்பாடு.

15 செப்டம்பர், திங்கள். கால்பாரி

கிரீனவ் பக்கம் வயலில் மரங்கள் தரையோடு தரையாகச் சாய்ந்து வளர்கின்றன. தெற்கிலிருந்து வீசும் உப்புக்காற்று ஒரே பக்கமாகத் தள்ளித் தள்ளி அப்படி ஆகியிருக்கின்றன. அந்தக் காற்றில் பத்து நிமிடம் நின்றபோதே எனக்குக் கழுத்து வலித்தது.

போர்ட் கிரெகரியில் ஹட் லகூன், இளஞ்சிவப்பு ஏரி. படத்தில் பார்த்து ஃபில்டர் என்று நினைத்திருந்தேன், இல்லை. டுனலியெல்லா சலினா என்ற பாசி உப்பிலும் வெயிலிலும் தன்னைக் காத்துக்கொள்ளப் பீட்டா கரோட்டின் சேர்த்துவைக்கிறது. கேரட்டுக்கு நிறம் தருவதும் அதுதான். ஏரியின் ஒரு பகுதியில் குளம் குளமாகக் கட்டி அந்தப் பாசியை வளர்த்து எடுக்கிறார்கள். மேகம் மறைத்தால் ஏரி மங்கிவிடுகிறது, வெயில் வந்தால் ரோஸ் மில்க்.

ஈ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடிக்காது, ஆனால் கண்ணோரத்திலும் வாயோரத்திலும் ஈரம் தேடி உட்காரும். தலைக்கு வலை வாங்கினோம். அம்மா வலையைத் தூக்கிக்கொண்டு மைலோ குடிக்கும் காட்சியை மகன் காணொளி எடுத்து வைத்திருக்கிறான்.

16 செப்டம்பர், செவ்வாய். கால்பாரி

மலேசிய தினம். காலை ஏழுக்கே பள்ளத்தாக்கில் இருந்தோம். கோடையில் இதற்குள் 50 டிகிரி வரை ஏறுமாம்; ஆளுக்கு மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று பலகை வைத்திருக்கிறார்கள். முர்ச்சிசன் ஆறு கீழே சிறுத்துத் தெரிகிறது, சுவர் முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாக அடுக்கடுக்கான மணற்கல். இயற்கையின் சன்னல் என்ற பாறை வளைவில் படம் எடுக்க வரிசை. அதைவிட எனக்குப் பிடித்தது 2020-ல் திறந்த வான்நடைப் பாலம். பள்ளத்தாக்கின் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் 25 மீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கிறது, கீழே 100 மீட்டர் வெறுமை. தரையில் கம்பிவலை. அம்மா முருகா முருகா என்று நிமிர்ந்தே நடந்தார்.

இந்தப் பாறைக்கு வயது 40 கோடி ஆண்டுகளுக்கும் மேல். நம் பத்துமலைச் சுண்ணாம்புக்கல்லும் ஏறத்தாழ அதே வயது, ஆனால் அது கடலுக்கடியில் உருவானது. இங்குள்ள மணற்கல்லில் கடல் தேள் ஊர்ந்துபோன தடங்கள் கல்லாகப் பதிந்திருக்கின்றன, மனித நீளத்துக்கு வளரும் தேள் இனம். "பாட்டி, உங்க நட்சத்திரம் கீழயும் நடந்திருக்குது" என்றான் மகன். அம்மாவுக்கு ஒரே பெருமை. இன்று முழுக்கப் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்கிறார், தமிழ் தெரியாதவர்களிடமும்.

18 செப்டம்பர், வியாழன். டென்ஹாம்

நேற்று முழுக்க ஓட்டம். 375 கிலோமீட்டரில் வளைவு என்று ஒன்றிரண்டுதான். எதிரே வரும் ரோட் டிரெயின் லாரிகள் 36 மீட்டர் நீளம். கடக்கும்போது நம் கார் ஒரு குலுங்கு குலுங்கும். எதிரில் வருகிற எல்லாரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் வைக்கிறார்கள், இவரும் பழகிவிட்டார். ஓவர்லேண்டர் ரோட்ஹவுஸில் எண்ணெய் ஊற்றினோம். பாதி டாங்க் இருக்கும்போதே ஊற்றிவிட வேண்டும், இங்கே அடுத்த பம்ப் என்பது அடுத்த ஊர்.

ஹாமலின் பூல் போகும்போது மகன் பெரிதாக எதிர்பார்த்தான். ஆழமில்லாத தண்ணீரில் கறுப்புக் கட்டிகள். அவ்வளவுதான். ஆனால் அவை உயிருள்ளவை. ஸ்ட்ரோமாட்டோலைட் என்கிறார்கள், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மணல் துகளைப் பிடித்துப் பிடித்துக் கட்டியவை. ஆண்டுக்கு 0.3 மில்லிமீட்டர் வளர்ந்தால் அதிகம். இதே வகையின் புதைபடிவங்கள் மேற்கு ஆஸ்திரேலியாவிலேயே 350 கோடி ஆண்டு வயதில் கிடைத்திருக்கின்றன. காற்றில் பிராணவாயுவைச் சேர்த்ததில் இவற்றின் முன்னோர்களுக்குத்தான் பெரிய பங்கு. இங்கே தண்ணீர் கடலைப் போல இருமடங்கு உப்பு, அதனால் மேய வரும் நத்தைகள் தாங்காது, இவை பிழைத்தன. ஒருகாலத்தில் கம்பளி மூட்டை ஏற்றிய வண்டிகள் இதன்மேல் ஓடியிருக்கின்றன. அந்தச் சக்கரத் தடம் இன்னும் ஆறவில்லை.

ஷெல் பீச்சிலும் அந்த உப்புதான் காரணம். எதிரிகள் வாழ முடியாத தண்ணீரில் ஒரே ஒரு சிறு சிப்பி இனம் கோடிகோடியாகப் பெருகிச் செத்து ஒதுங்கியிருக்கிறது. மணலே கிடையாது. சுண்டுவிரல் நகமளவு வெள்ளைச் சிப்பி, 60 கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஆழம் பத்து மீட்டர் வரை. மகன் முழங்கை வரை தோண்டினான், ஈரமான சிப்பி, அதற்கும் கீழே சிப்பி. நடந்தால் கறுக் கறுக்கென்று சத்தம். அடியில் இறுகியதை ஒருகாலத்தில் செங்கல்லாக வெட்டியிருக்கிறார்கள். டென்ஹாமில் ஒரு தேவாலயமே அப்படிக் கட்டியதுதான்.

பிரான்சுவா பெரோன் பூங்காவின் செம்மணலுக்குப் போகவில்லை. அதற்கு உயரமான நாலு சக்கர இழுவை வண்டி வேண்டும், நம்முடையது சின்னக் கார். மங்கி மியா கடற்கரைக்கு வரும் டால்பின்? அழகுதான், ஆனால் கூட்டம்.

20 செப்டம்பர், சனி. பெர்த்

திரும்பும் 800 சொச்சம் கிலோமீட்டரை இரண்டாகப் பிரித்து ஓட்டினோம். எழுத அதிகமில்லை.

24 செப்டம்பர், புதன். செந்தூல்

இதைப் படித்துவிட்டு அண்ணன் போன் செய்தார். பள்ளி விடுமுறை என்று டிசம்பரில் கிளம்பலாமாம். வேண்டாம் அண்ணே என்றேன். அப்போது அங்கே கோடை, கால்பாரிப் பள்ளத்தாக்கில் காலை ஏழுக்குப் பிறகு நீண்ட நடைக்கு இறங்கவே கூடாது என்கிறார்கள். டிசம்பர்தான் என்றால் தெற்கே ஆல்பனி பக்கம் போகட்டும், குளிர்ச்சியாக இருக்கும். பாலைவனம்தான் வேண்டும் என்றால் அண்ணியிடம் பேசி ஜூன் முதல் செப்டம்பருக்குள் விடுப்பை மாற்றச் சொல்லியிருக்கிறேன். கூடாரத்தைத் தருகிறேன், முளைகளை அவரே தேய்த்துக்கொள்ளட்டும்.