கறுவா எண்ணெய் அடிச்சா கோவா புழு போகுமா?

2021ல இலங்கை அரசாங்கம் ரசாயன உரம், மருந்து இறக்குமதிய ஒரேடியா நிப்பாட்டுனாங்கல்ல, அதுல இருந்து நுவரெலியா மாவட்டத்துல கந்தப்பளை, ராகலைப் பக்கம் ஆளாளுக்கு ஒரு கைவைத்தியம் வச்சிருக்காங்க. இப்ப கறுவா எண்ணெய், கராம்பு எண்ணெய், சிட்ரோனெல்லாங்கிற புல்லு எண்ணெய்.

வேல செய்யுமான்னு கேட்டா, செய்யும், ஆனா எந்தப் பூச்சின்னு பாக்கணும். போஞ்சியில அழுக்கணவன், வெண் ஈ மாதிரி மெல்லுடம்புப் பூச்சி மேல நேரா பட்டா நல்லாவே கேக்கும், கறுவா இலை எண்ணெயிலயும் கராம்புலயும் நெறைய இருக்கிறது யூஜினோல், அது பூச்சியோட நரம்பத்தான் அடிக்குது. கோவா குருத்துக்குள்ள பூந்துட்ட புழுவுக்கு எங்க போய்ச் சேரப்போகுது? அந்தப் புழுவப் போடுற வைரமுதுகு அந்துப்பூச்சி லேசுப்பட்ட ஆளும் இல்ல, 1950கள்லயே ஜாவாவுல டி.டி.டி. பூச்சி மருந்தையே தாக்குப்பிடிச்சு நின்ன பூச்சி, அதனால இத மட்டும் நம்பி கோவா போடாதீங்க, மத்த மருந்துக்கு நடுவுல மாத்தி மாத்தி அடிக்கிறதுக்குன்னா சரி.

எண்ணெயும் தண்ணியும் சேராது, கோவா இலை மேல வேற மெழுகு மாதிரி இருக்கிறதால தண்ணி உருண்டு ஓடிரும், அதனால கொஞ்சம் சோப்புத் தண்ணியில எண்ணெய நல்லா அடிச்சுக் கலக்கிட்டுத்தான் டேங்கியில ஊத்தணும். 16 லீட்டர் டேங்கிக்கு 80 மில்லி போட்டா அரை வீதம் வரும், அதுக்கு மேல போகாதீங்க, இலை கருகும். இலைக்கு அடிப்பக்கம் படணும், பூச்சி அங்கதான் உக்காந்திருக்கு. வெயில்ல அடிச்சா ஆவியாப் போயிரும், நம்ம ஊர் மழ மிச்சத்தக் கழுவிரும், அதனால மழ இல்லாத சாயங்காலமாப் பாத்து அடிக்கணும், திரும்பத் திரும்பவும் அடிக்கணும். அந்த நேரத்துல தேனீயும் அவ்வளவா வராது. பொறிவண்டு இருந்தா அதுவும் சாகும், இயற்கை எண்ணெய்னா நல்ல பூச்சிய விட்டுரும்னு சொல்றதெல்லாம் சும்மா.

வேப்பெண்ணெயையும் இதோட சேத்துப் பேசுறாங்க, அது கொட்டையில இருந்து ஆட்டி எடுக்கிறது, இப்படி ஆவியாகாது, வேல செய்யிற விதமே வேற.

விலைதான் இடிக்குது. இங்க மலை முழுக்க யூகலிப்டஸ்தான் நிக்குது, கறுவா இல்ல, அதனால நாம வாங்குற கறுவா எண்ணெய் தெக்குல இருந்து ஏறி வரணும். வீட்டுப் பின்னாடி நாலு பாத்தின்னா கட்டும், ஏக்கர் கணக்குல போஞ்சி போட்டவருக்குக் கட்டாது.

அடிக்கப்போறவங்க கையுறை போட்டுக்குங்க, தோல்ல பட்டா எரியும். மொதல்ல ஓரத்துல நாலு செடிக்கு அடிச்சுட்டு ரெண்டு நாள் பாருங்க, நுனி கருகலன்னா மத்ததுக்கு அடிங்க.