கீழ்க்குரலைத் தேடிய மூன்று நாட்கள்

ஒலிப்பதிவுத் தொழிலில் தனி வயலின் அளவுக்கு என்னைப் பயமுறுத்தியது வேறொன்றும் இல்லை. இசைக்குழுவில் ஒருவரின் சறுக்கலை இன்னொருவரின் நாதம் மூடிவிடும். தனி வயலினிலோ வில்லின் உராய்வும் வாசிப்பவரின் மூச்சும்கூட மைக்கில் விழுந்துவிடும். அவற்றையெல்லாம் களைவதுதான் என் வேலை என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். ஆஸ்திரியாவில் ஒரு சிறிய தேவாலயத்தில் பீபரின் பாசகாலியாவை (ஒரே கீழ்ச்சுர வரிசை திரும்பத் திரும்ப வர, அதன் மேல் வளரும் இசைவடிவம்) மூன்று நாள் பதிவு செய்தபோதுதான் அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது.

ஸால்ஸ்பர்க்கில் பணியாற்றிய இசையமைப்பாளர் ஹைன்ரிச் பீபர் 1670களில் இயற்றிய 'ஜெபமாலை சொனாட்டாக்கள்' என்ற வயலின் இசைத் தொகுப்பின் முடிவில் வருவது இது. முந்தைய 15 சொனாட்டாக்களிலும் வயலினுக்கு பாஸ், அதாவது கீழ்ச்சுர வாத்தியங்களின் துணை உண்டு. இங்கே வயலின் தனியே நிற்கிறது. ஜி, எஃப், இ ஃபிளாட், டி என இறங்கும் நான்கே சுரங்கள் 65 முறை வருகின்றன. அவற்றின் மேல் ஏக்கமும் துள்ளலும் மன்றாட்டும் மாறி மாறி எழுகின்றன. வயலினின் குதிரை, அதாவது தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு, வளைவானது என்பதால், வில்லால் இரண்டு தந்திகளைத்தான் சேர்த்து நீட்டி ஒலிக்க முடியும். ஆகவே மேலே பாட வேண்டுமானால் கீழ்ச்சுரத்தைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். விட்டதைக் கேட்பவரின் காது பிடித்து வைத்துக்கொள்ளும். 1720ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதியில் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் தம்முடைய ஆறு தனி வயலின் படைப்புகளுக்கும் "பாஸ் துணையின்றி" என்றே தலைப்பிட்டார். ஆனால் அவற்றைக் கேட்கும் எவருக்கும் இல்லாத அந்த பாஸ் கேட்காமல் போவதில்லை.

முதல் நாள் மைக்கை ஒரு மீட்டர் தொலைவில் வைத்தேன். ஒவ்வொரு சுரமும் துல்லியமாக விழுந்தது. ஹெட்ஃபோனில் கேட்ட வயலின் கலைஞர், "தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் என் கீழ்க்குரலைக் காணோமே" என்றார். வில் தந்தியை விட்டதும் அந்தச் சுரம் கத்தரித்தாற்போல் அறுந்துபோயிருந்தது. மைக்கை மூன்று மீட்டருக்குப் பின்னால் தள்ளி உயர்த்தியதும், கற்சுவர் அதைத் திருப்பித் தந்தது.

இரண்டாவது தவறு எடிட்டிங் மேசையில் நடந்தது. மூன்று டேக்குகளிலிருந்து (ஒரே இசையைத் தனித்தனியாக வாசித்த பதிவுகள்) பிசிறில்லாத பகுதிகளை ஒட்டி, மூச்சொலிகளையும் நீக்கினேன். தனித்தனியாகக் கேட்டால் குறையே இல்லை. தொடர்ந்து கேட்டபோது நான்கு சுரங்களும் ஒவ்வொரு சுற்றிலும் வேறொருவர் நடப்பதைப் போல் இருந்தன. ஒரு சுற்றில் தயங்கியவர் அடுத்ததில் காரணமின்றி விரைந்தார். நடுவில் அவர் எடுத்த மூச்சு இல்லாததால் அந்தத் தயக்கம் எதற்கென்றே புரியவில்லை.

அத்தனையையும் அழித்துவிட்டு, கடைசி நாளின் ஒரே நீண்ட டேக்கை எடுத்துக்கொண்டேன். ஈரக் காற்றில் ஆட்டுக்குடல் தந்தியின் சுருதி சற்றே விலகி, ஓரிடத்தில் வில் கரகரத்திருந்தது. அதை அப்படியே விட்டுவிடட்டுமா என்று கேட்டேன். "அங்கேதானே அடுத்த சுற்றுக்கு மூச்சு எடுத்தேன்" என்றார் அவர்.