மூலப்பிரதிக்கு எங்கே போவது?

எங்கள் அலுவலக மருத்துவக் காப்புறுதிக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் வேலை புதிய ஒப்பந்தக்காரரின் கைக்கு மாறியதிலிருந்து சனி பிடித்துவிட்டது.

அம்மாவின் கண்புரைச் சத்திரசிகிச்சை ஆவணங்களைப் பழையவர்களிடம் கொடுத்து, கிடைத்தது என்று குறுஞ்செய்தியும் வந்திருந்தது. இப்போது புதியவர்கள் நோய் நிர்ணய அட்டையின் மூலப்பிரதியைக் கேட்கிறார்கள். கண்ணில் வைத்த வில்லையின் பெட்டியிலிருந்த ஸ்டிக்கரும் வேண்டுமாம்! தொடர் இலக்கம் அச்சிட்ட அந்தச் சின்னத் துண்டைப் பற்றுச்சீட்டின் மூலையில் ஒட்டி அப்போதே அனுப்பியாயிற்று. பழையவர்கள் “ஒப்படைத்துவிட்டோம்” என்கிறார்கள். புதியவர்கள் “எங்கள் கணினியில் இல்லை” என்கிறார்கள். தொலைபேசி எடுத்தால் பாட்டுத்தான் கேட்கிறது.

“கண் தெரிகிறதுதானே, காசை விடு பிள்ளை” என்கிறார் அம்மா. நான் விடுவதாக இல்லை.

கட்டுப்பணம் வாங்குவது காப்புறுதி நிறுவனம். ஒப்பந்தமும் அவர்களோடுதான். பரிசீலிக்க யாரை வைக்கிறார்கள் என்பது அவர்கள் பாடு. ஆகவே அடுத்த கடிதம் நேரே நிறுவனத்துக்கு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்றும் கேட்கப்போகிறேன். பிரதி, 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு.

யாழ்ப்பாணத்தில் கொக்குவில், திருநெல்வேலிப் பக்கம் இதே சிக்கலில் யாராவது இருந்தால் உட்பெட்டிக்கு வாருங்கள், சேர்ந்தே எழுதுவோம். கொடுத்த தாள்களின் பிரதி இருந்தால் மறக்காமல் எடுத்து வையுங்கள்.